மீன் நாறும், கேம் நாறாது

கொம்பியூட்டர், போன், இணையம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, மட்டக்களப்பு திருமலை வீதியில் 2003 முதல் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் எமது பத்தியாளர் பதில் சொல்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேம் விலை பற்றியவை.

கேள்வி (கல்லடியிலிருந்து ஓர் ஏ.எல். மாணவர்): ஐயா, சென்னையில் இருக்கிற என் மச்சான் ஸ்டீம் என்கிற ஓன்லைன் கேம் கடையில் ஸ்டார்டியூ வேலி கேமை 480 இந்திய ரூபாய்க்கு வாங்கினான். அதே ஸ்டீம் கடை எனக்கு டொலரில் விலை காட்டுது. எங்கட ரூபா மட்டும் ஏன் அவங்கட கண்ணில் படயில்ல? ஒரே கேமுக்கு நாட்டுக்கு நாடு வேற விலை வைக்கிறது நியாயமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன்.

ஒரு நாள் விடியற்காலையில் நாவலடிப் பக்கம் போய்ப் பார். தோணி கரைக்கு வந்ததும் பாரைக்கு ஒரு விலை சொல்வார்கள். ஹோட்டல்காரர் அந்த விலைக்கே அள்ளிக்கொண்டு போவார். பதினொரு மணிக்கு அதே மீன் சைக்கிள் பெட்டியில் எங்கள் ஒழுங்கைக்கு வரும்போது விலை இறங்கியிருக்கும். மத்தியானம் தாண்டினால் என் மனைவி சொல்வதுதான் விலை. மீன்காரருக்கு அவள்மேல் என்ன இரக்கமா? மீன் நாறும். நாறுவதற்குள் கிடைப்பதெல்லாம் அவருக்கு வரவு.

கேம் நாறாது. ஆனால் அதற்கு வேறொரு குணம் இருக்கிறது. இன்னொரு பாரை வேண்டுமென்றால் மீனவர் இன்னொரு தரம் எண்ணெய் ஊற்றிக் கடலுக்குப் போக வேண்டும். கேமில் இரண்டாவது பிரதிக்கு அந்தப் பாடு கிடையாது. ஸ்டார்டியூ வேலியை எரிக் பரோன் என்கிற ஒரே ஆள் நாலு வருடத்துக்கு மேல் தனியாக இருந்து செய்து, 2016 பெப்ரவரியில் 14.99 டொலருக்கு விட்டார். செலவு அந்த வருடங்கள்தான். மறுகா விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும் அவர் கையிலிருந்து புதிதாகப் போகிற காசு அனேகமாக இல்லை. உன் மச்சானிடம் 14.99 டொலரே கேட்டால் அவன் வாங்கமாட்டான், வரவு பூச்சியம். 480 இந்திய ரூபாய் கேட்டால் வாங்குவான். ஸ்டீம் தன் 30 வீதத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அவருக்குக் கொடுக்கும். பூச்சியத்தோடு பார்த்தால் அது நல்ல காசு. ஏழை நாட்டுக்கு இரங்கினார்கள் என்று நெகிழவும் தேவையில்லை, எங்களைக் குறைத்து மதித்தார்கள் என்று கோபப்படவும் தேவையில்லை.

நியாயம் கேட்டாயே, பாடசாலைச் சுற்றுலாவில் சீகிரியாவுக்குப் போயிருப்பாய்தானே? நீ சில்லறைக் காசுக்கு ஏறிய அதே படியில், உனக்கு முன்னால் மூச்சுவாங்கிக்கொண்டு போன வெள்ளைக்காரர் 30 டொலருக்குக் குறையாமல் கட்டியிருப்பார். அன்றைக்கு உனக்கு நியாயம் ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை.

ஆனால் இரண்டு விலை வைக்கிறவர் நடுவில் ஒரு வேலியும் போட்டாக வேண்டும். சீகிரியாவில் வாசலில் கேட்கும் பாஸ்போர்ட்தான் வேலி. புத்தகக் கம்பனிகளுக்கு அந்த வேலி ஒரு தரம் பிய்ந்தது. அமெரிக்காவில் படித்த தாய்லாந்து மாணவர் சுபாப் கிர்ட்செங், ஊரில் மலிவாக விற்ற பாடப்புத்தகங்களைத் தன் வீட்டாரை விட்டு வாங்குவித்து, அமெரிக்காவில் விற்றார். வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: சட்டப்படி வாங்கிய புத்தகத்தை அவர் எங்கும் விற்கலாம். கேமில் அப்படிச் செய்ய வழியில்லை. நாங்கள் வாங்குவது விளையாடுகிற அனுமதியை மட்டும்தான். அது எங்கள் அக்கவுண்டோடு ஒட்டிக்கிடக்கும், கைமாறாது. எந்த நாட்டு ஆள் என்பதை உன் கார்ட் சொல்லிவிடும்.

இனி உன் ரூபாக் கேள்வி. ஸ்டீம் 2015 நவம்பரில் இந்திய ரூபாயைச் சேர்த்துக்கொண்டது. இலங்கை ரூபாவைச் சேர்க்கவில்லை. எங்களையும் பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம் போன்ற நாடுகளையும் தெற்காசியா என்று ஒரே பெட்டியில் போட்டு, டொலரில் விலை காட்டுகிறார்கள். டொலர்தான், ஆனாலும் அமெரிக்க விலையாகத்தான் இருக்க வேண்டுமென்றில்லை. கேம் செய்த கம்பனி விரும்பினால் இந்தப் பெட்டிக்கு மட்டும் குறைத்து எழுதலாம். பலர் எழுதுகிறார்கள். எழுதாத கம்பனி என்றால் 70 டொலர் கேம் எங்களுக்கும் 70 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 21,000. 2025இல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபா. மிச்சக் கணக்கை நீயே போடு.

டொலரில் விலை இருப்பது என்றால் என்ன என்று நான் 2022இல் படித்தேன். பெப்ரவரியில் 20 டொலர் கேம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். டொலர் 200 ரூபா சொச்சம், ஆக நாலாயிரம். ஓர் இடத்தில் பிரிண்டர்கள் திருத்திக் கொடுத்த பில் வரட்டும், வாங்குவோம் என்று பொறுத்தேன். மார்ச் 7ஆம் தேதி மத்திய வங்கி ரூபாவைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தியது. பில் காசு என் கைக்கு வந்தது மே மாதம். டொலர் 360. அதே கேம் 7,200. அமெரிக்காவில் அதன் விலை ஒரு சதம்கூட ஏறியிருக்கவில்லை. அந்தக் காசு காஸ் சிலிண்டருக்குப் போனது. அந்தக் கேமை நான் இன்றைக்கும் விளையாடவில்லை.

அப்படியென்றால் ரூபாவிலேயே விலை போட்டிருந்தால் நல்லதுதானே என்பாய். அங்கேதான் துருக்கியும் ஆர்ஜென்டீனாவும் வருகின்றன. அந்த இரண்டு நாட்டுக்கும் லீராவிலும் பெசோவிலும் விலை இருந்தது. காசு சறுக்கிக்கொண்டே போனது, கம்பனிகள் எழுதிய விலையோ எழுதினபடி கிடந்தது. கேம் தண்ணி விலைக்கு வந்தது. உடனே உலகத்தில் உள்ளவர்களெல்லாம் இஸ்தான்புல்லில் குடியிருப்பதாக வேஷம் போட்டு வாங்கத் தொடங்கினார்கள். 2022 ஒக்டோபரில் ஸ்டீம், கம்பனிகளுக்குக் காட்டும் சிபாரிசு விலையை அந்த நாடுகளுக்குப் பல மடங்கு ஏற்றியது. 2023 நவம்பர் 20இல் லீராவையும் பெசோவையும் கடையை விட்டே எடுத்துவிட்டு டொலருக்கு மாற்றியது. ஆர்ஜென்டீனாவில் அந்த வருடப் பணவீக்கம் 211 வீதம். சம்பளம் பெசோவில் வாங்கி, கேமை மட்டும் டொலரில் வாங்கச் சொன்னால் அங்கத்தைய பொடியன் என்ன செய்வான்? வேஷம் போட்டவன் வேறு கடை பார்த்துப் போயிருப்பான். உண்மையாகவே அங்கே குடியிருந்தவன்தான் மாட்டுப்பட்டான்.

ஆகவே என் கணக்கு இது. விலை உள்ளூர்க் காசில் இருந்தால், காசு விழும்போது முதல் அடி விற்கிறவருக்கு. டொலரில் இருந்தால் அந்த அடி முழுக்க எங்களுக்கு. தெற்காசியப் பெட்டி எங்கள் சம்பளம் குறைவு என்பதற்குக் கழிவு தருகிறது. எங்கள் ரூபா நாளைக்கு விழுந்தால் அதற்குக் கழிவு தராது. 2022இல் எனக்கு நடந்தது இனியும் நடக்கலாம். ரூபாவைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்பவர்கள் இதையும் ஆர்ஜென்டீனாவின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். எனக்கென்றால் இரண்டும் பிடிக்கவில்லை, ஆனாலும் ரூபாதான் என் விருப்பம். குறைந்தது விலையை ஏற்றும்போது ஒருத்தர் உட்கார்ந்து யோசித்து ஏற்ற வேண்டிவரும்.

உனக்கு உடனடியாகப் பயன்படுவது: விருப்பப் பட்டியலில் போட்டு வை. ஸ்டீமில் வருடத்துக்கு நாலு பெரிய சேல் வரும், அதில் ஒன்று ஜூன் கடைசியை ஒட்டி, இன்னொன்று டிசம்பர் கடைசியை ஒட்டி. வாங்குமுன் உன் அப்பாவின் கார்ட்டில் வெளிநாட்டு ஓன்லைன் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்கச் சொல். பத்திரிகையில் போடும் டொலர் விலையும் வங்கி கார்ட்டில் கழிக்கும் டொலர் விலையும் ஒன்றல்ல. கூகிளில் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள் என் கடைக்கு வந்து சண்டை பிடித்திருக்கிறார்கள், நான் வங்கி என்று நினைத்து.

கேள்வி (களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய்): என் மகனுக்கு 16 வயது. துருக்கி விலைக்கு கேம் எடுத்துத் தருவதாக முகநூலில் ஒருவர் 6,500 ரூபா வாங்கி, ஒரு அக்கவுண்டும் பாஸ்வேர்டும் கொடுத்தார். இரண்டு கிழமையில் அந்த பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை. ஆளும் பதில் இல்லை. பிள்ளை சரியாகச் சாப்பிடவும் இல்லை. பொலிஸுக்குப் போகலாமா?

பதில்: தங்கச்சி, முதலில் பிள்ளையை ஏசாமல் சோற்றைப் போடுங்கள். ஏமாந்தவர்களில் அவன் சின்ன ஆள். இதே கதையோடு என் கடைக்கு ஓர் ஆசிரியரும் வந்தார்.

நடந்தது இதுவாகத்தான் இருக்கும். அக்கவுண்டை அந்த ஆள் தன்னுடைய ஈமெயிலில் திறந்து, உங்கள் மகனுக்கு பாஸ்வேர்டை மட்டும் கொடுத்திருக்கிறார். ஈமெயில் யாருடைய கையில் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். இரண்டு கிழமை கழித்து பாஸ்வேர்டை மாற்றி, அதே அக்கவுண்டை இன்னொரு பிள்ளைக்கு விற்றிருப்பார். தென்னந்தோப்பை ஒரே உறுதியோடு நாலு பேருக்கு விற்பது எங்கள் பக்கம் புதுக் கதையா?

இதில் பெரிய பகிடி என்னவென்றால், மேலே தம்பிக்குச் சொன்னேனே, துருக்கிக்கு ஸ்டீமில் லீரா விலை 2023 நவம்பரோடு போய்விட்டது. அந்த ஆள் பூட்டின கடையின் திறப்பைத்தான் விற்றிருக்கிறார். இன்னொரு விதமும் உண்டு. திருடின கார்ட்டில் கேம் கீ, அதாவது கேமைத் திறக்கிற இலக்கம், வாங்கி மலிவாக விற்பார்கள். கார்ட்காரர் முறையிட்டதும் அந்தக் கீயைச் செல்லாமல் ஆக்கிவிடுவார்கள், நாங்கள் வெறுங்கையோடு நிற்போம். இருக்கிற நாட்டை மறைக்கும் விபிஎன் போட்டுத் தன் சொந்த அக்கவுண்டையே வேறு நாட்டுக்குக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். மலிவு விலைக்காக இடத்தை மறைப்பது ஸ்டீம் ஒப்பந்தத்துக்கு மாறானது, அக்கவுண்டையே முடக்கலாம். பல வருடமாகச் சேர்த்த கேம் எல்லாம் அதோடு போகும். முறையாக நாடு மாற்றினாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தரம்தான், அதுவும் அந்த நாட்டுக் கார்ட் இருந்தால்.

பொலிஸில் முறைப்பாடு கொடுக்கலாம், கொடுங்கள். வங்கிச் சிட்டை, அந்த ஆளோடு பேசிய மெசேஜ்களின் படங்கள், கணக்கு இலக்கம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். மகனை எதையும் அழிக்க விடாதீர்கள். வெட்கத்தில் முதலில் அதைத்தான் அழிப்பார்கள். காசு திரும்பி வரும் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன்.

கேள்வி (அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர்): அஸ்ஸலாமு அலைக்கும். என் நானா கட்டாரில் வேலை செய்கிறார். அவருடைய கார்ட்டால் எனக்கு கேம் வாங்கித் தரலாமா? அங்கே இருந்து கிஃப்ட் அனுப்பினால்?

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம். கார்ட் கட்டாருடையது என்றால் அவர் அக்கவுண்டுக்குக் கட்டார் ரியால் விலைதான் வரும். எங்கள் விலையிலும் கூடவாக இருக்கத்தான் வாய்ப்பு. கிஃப்ட் அனுப்பலாம், ஆனால் இரண்டு நாட்டு விலைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஸ்டீம் தடுத்துவிடும். 2024இல் ஸ்டீம் குடும்ப வசதி ஒன்று கொண்டுவந்தது, ஆறு பேர் வரை தங்கள் கேம்களைப் பகிரலாம். ஆனால் ஒரே வீட்டுக்காரருக்கு என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். அரைவாசிக் குடும்பம் வளைகுடாவில் இருக்கும் எங்கள் ஊர் வீடுகளை அதைச் செய்தவர்கள் பார்த்ததில்லை போலும். நானாவிடம் காசை வழமைபோல வீட்டுக்கே அனுப்பச் சொல்லுங்கள், உங்கள் கார்ட்டால் எங்கள் விலைக்கு வாங்குங்கள். அனுப்புவது ரியால், ரூபா விழுந்த நேரம் என்றால் கையில் கூடவும் கிடைக்கும்.

கேள்வி (வந்தாறுமூலையிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி): நானும் நண்பிகள் இருவரும் சின்ன கேம் ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். வாவியில் தோணி விடுகிற கேம். ஸ்டீமில் போட்டால் என்ன விலை வைப்பது?

பதில்: மகள், இந்த மாதம் எனக்குப் பிடித்த கடிதம் இதுதான். இரவில் வாவிக்குள் மீன் பாடுமே, அதை விட்டுவிடாமல் போடுங்கள்.

ஒரு கேமைக் கடையில் போட ஸ்டீம் 100 டொலர் வாங்கும். விற்பனை 1,000 டொலரைத் தாண்டினால் அது திரும்பக் கிடைக்கும். நீங்கள் அமெரிக்க விலையை எழுதியதும் மற்ற நாடுகளுக்கெல்லாம் சிபாரிசு விலை தானாக நிரம்பும். பலர் அப்படியே ஓகே கொடுத்துவிட்டுப் போவார்கள். நீங்கள் ஒவ்வொரு பெட்டியாகப் பாருங்கள், முக்கியமாகத் தெற்காசியப் பெட்டியை. உங்கள் பட்ச்சில் ஒருத்தி கன்டீன் காசை மிச்சம்பிடித்து அதை வாங்குவாளா என்று கேளுங்கள். என் கடைக்குப் பக்கத்தில் கோழிக் கொத்து 900 ரூபா. முதல் கேமை அந்த விலையைச் சுற்றி எங்கள் ஊருக்கு வைத்தால் கூச்சமில்லாமல் வாங்கச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

மற்ற நாடுகளுக்கும் பயந்து பயந்து விலை வைக்காதீர்கள், ஆனால் பெரிய கம்பனியைப் பார்த்தும் வைக்காதீர்கள். 2025 செப்டம்பர் 4இல் வந்த ஹொலோ நைட் சில்க்சோங்கை ஆஸ்திரேலியாவின் ஒரு சின்னக் குழு ஏழு வருடத்துக்கு மேல் உழைத்து 20 டொலருக்குத்தான் விட்டது. வந்த கூட்டத்தில் ஸ்டீம் கடையே திணறியது.

இன்னொன்று. உங்களுக்கு வருமானம் டொலரில் வரும். ரூபா விழும்போது நாங்களெல்லாம் தலையில் கைவைக்க, நீங்கள் மூன்று பேரும் சிரிப்பீர்கள். அந்த நேரம் என் கடைப் பக்கம் வரவேண்டாம்.

கேள்வி (கல்முனையிலிருந்து ஒரு வாசகர்): மகனுக்கு பிளேஸ்டேஷன் 5 வாங்கலாமா, கொம்பியூட்டர் வாங்கலாமா?

பதில்: விலையை விட வேறு சிக்கல் ஒன்று இருக்கிறது. பிளேஸ்டேஷன் நெட்வேர்க்கில் அக்கவுண்ட் திறக்கும்போது நாட்டைத் தெரிவுசெய்யச் சொல்லும், அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. இங்கே வைத்திருப்பவர்கள் வேறு நாட்டுக்காரராகத்தான் பதிந்திருக்கிறார்கள். 2024 மே மாதம் இது கொம்பியூட்டர் பக்கத்துக்கும் வந்தது. ஹெல்டைவர்ஸ் 2 விளையாடுகிறவர்கள் எல்லோரும் அந்த அக்கவுண்டை இணைக்க வேண்டும் என்று பிளேஸ்டேஷன் கம்பனியான சோனி சொன்னது. அந்த அக்கவுண்டே திறக்க முடியாத நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஸ்டீமில் அந்தக் கேமின் விற்பனையை நிறுத்தினார்கள். உலகம் முழுக்க சத்தம் போட்ட பிறகு சோனி அந்த நிபந்தனையைக் கைவிட்டது. விலை குறைவு, கூட என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்க, விற்கவே மாட்டோம் என்பதும் ஒரு விலைதான். கொம்பியூட்டர் வாங்குங்கள். படிக்கவும் உதவும் என்று மனைவியிடம் சொல்லலாம்.

கேள்வி (ஏறாவூரிலிருந்து): ஃப்ரீ ஃபயர் கேமுக்குள் செலவழிக்கிற டயமண்ட் மலிவாகப் போட்டுத்தர பாஸ்வேர்ட் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: டொப்-அப் செய்ய உங்கள் ப்ளேயர் ஐடி இலக்கம் மட்டும் போதும். பாஸ்வேர்ட் கேட்டால் அவருக்கு வேண்டியது உங்கள் அக்கவுண்ட்.

கேள்வி (திருக்கோவிலிலிருந்து): இவ்வளவு கணக்குப் பார்ப்பதற்கு கிராக் போட்டு விளையாடினால் என்ன?

பதில்: இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. 2003இலிருந்து எட்டு வருடம் என் கடையின் அரைவாசி வருமானம் கொப்பி அடித்த சீடியும் டிவிடியும்தான். கொழும்பு பம்பலப்பிட்டியிலிருந்து இரவு பஸ்ஸில் ஒரு பார்சல் வரும், இங்கே எரித்து 150 ரூபாவுக்கு விற்பேன். வைஸ் சிட்டி, கிரிக்கெட் 07 மாதிரிக் கேம்கள். அந்த விலையில் அசல் இந்த மாவட்டத்தில் எங்கேயும் இருக்கவில்லை. எந்த விலையிலும் இருக்கவில்லை.

ஸ்டீமை நடத்தும் கேப் நியூவெல், திருட்டுப் பிரதி அனேகமாக விலைப் பிரச்சினை இல்லை, சேவைப் பிரச்சினைதான் என்று 2011இல் சொன்னார். அரைவாசி சரி. அசலை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்ததும் என்னுடைய டிவிடி வியாபாரம் படுத்தது உண்மை. ஆனால் எட்டு வருடத்தில் என் மேசைக்கு முன்னால் நின்ற ஒருவர்கூட சேவை பற்றிக் கேட்டதில்லை. 'அண்ணே, நூறுக்குத் தரமாட்டீங்களா?' என்றுதான் கேட்டார்கள்.

இன்றைக்கு கிராக்கோடு வருவது கேம் மட்டுமில்லை. போன மாதம் ஒரு லப்டொப் வந்தது, உள்ளே இருந்த கல்யாணப் படங்கள் எல்லாம் பூட்டுப்போட்டுக் கிடந்தன. காசு கேட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம். காசில்லை என்றால் எபிக் என்கிற இன்னொரு ஓன்லைன் கேம் கடையில் 2018 டிசம்பரிலிருந்து தொடர்ந்து இலவச கேம் கொடுக்கிறார்கள். 2020 மேயில் ஜிடிஏ 5ஐயே கொடுத்தார்கள். அதை எடுத்து விளையாடுங்கள்.

கேள்வி (அதே திருக்கோவில் வாசகர், கடிதத்தின் பின்பக்கத்தில்): அந்த டிவிடி இன்னும் இருக்கா?

பதில்: ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. போட்டுப் பார்க்க என் கடையில் டிவிடி டிரைவ் உள்ள மெஷின் ஒன்றுகூட இல்லை.